உறைபனி ராத்திரில கரண்ட் போனா ஆக்சிஜன் மெஷின்காரங்க, தனியா இருக்கற வயசானவங்க என்ன பண்றது? மலைல இருக்கறவங்க சொல்லுங்க

கேரட்தோட்டம் | ஜனவரி 11, இரவு 9.40

வணக்கம். இங்க படிக்க தான் வருவேன், எழுதுனதில்ல. இப்ப எழுதலன்னா மனசு ஆறாது.

எங்க ஊரு ஊட்டிக்கு அந்தாண்ட, பேர் வேணாம். வீடு பள்ளத்துல. இந்த மாசத்துல பள்ளத்து வீடுன்னா என்னன்னு மலைக்காரங்களுக்கு சொல்ல வேண்டியதில்ல, மேட்டு வீட்ல நீர்ப்பனி விழறப்பவே எங்களுக்கு உறைபனி, குளிர் காத்து தண்ணி மாதிரி எறங்கி வந்து தேங்கிடும், காலைல ஸ்கூட்டர் சீட்டு மேல உப்பு தூவுன மாதிரி இருக்கும்.

அம்மாவுக்கு 71. நாப்பது வருஷம் விறகடுப்பு ஊதி ஊதி நுரையீரல் போச்சு. சிஓபிடின்னு சொல்லி ரெண்டு வருஷமா வீட்லயே ஆக்சிஜன் மெஷின், நிமிஷத்துக்கு 2 லிட்டர்ல வெச்சு ஓடுது.

போன செவ்வாக்கிழமை ராத்திரி 11.10க்கு டமார்னு ஒரு சத்தம், டிரான்ஸ்பார்மர் போச்சு. சுத்தி இருக்கற காட்டேஜ் எல்லாம் ரூம் ஹீட்டர் போட்டு ஒரு வாரமாவே வோல்டேஜ் தள்ளாடிட்டு தான் இருந்துச்சு. இன்வெர்ட்டர் இருக்கு, வித்தவரு 6 மணி நேரம் நிக்கும்னாரு, 2.40க்கே கீ கீன்னு கத்த ஆரம்பிச்சிடுச்சு. சரி சிலிண்டர் இருக்கேன்னு போனா அத திறக்கற சாவிய காணோம். சின்ன இரும்பு சாவி தாங்க, உள்ளங்கைல அடங்கிடும். செல்போன் லைட்ட வாயில கவ்விக்கிட்டு அலமாரி, சாமி ரூம், மசாலா டப்பா வரைக்கும் தேடுறேன், கடைசில தம்பியோட பைக் டூல்ஸ் பாக்ஸ்ல கெடந்துச்சு, அவன் எதுக்கோ ஸ்பேனர்னு எடுத்துட்டு போயிருக்கான். அதுக்குள்ள அம்மா விரல்ல மாட்டுன ஆக்சிமீட்டர் 79 காட்டுது. எனக்கு கை நடுங்கி சாவிய வால்வுல சொருகவே முடியல.

108க்கு போட்டா டவர் இல்ல. மூணரை மணிக்கு டவரும் படுத்துடுச்சு. தம்பி டார்ச்ச எடுத்துட்டு நடந்தே போயி ஆட்டோ அண்ணன எழுப்பி கூட்டிட்டு வந்தான். அம்மா பொழச்சிக்கிட்டாங்க. கரண்ட் வந்தது மறுநாள் சாயங்காலம் 4 மணி.

ஆனா நான் எழுத வந்தது அம்மாவ பத்தி மட்டும் இல்ல. எங்களுக்கு நாலு வீடு தள்ளி கடைசி வீட்ல ஒரு பாட்டி, 80 தாண்டிருக்கும், தனியா இருக்காங்க. மெஷின் எதுவும் கிடையாது, ஒரு சின்ன ஹீட்டர் தான். காலைல பால்கார பையன் பாத்தப்ப சிமெண்ட் தரைல கெடந்தாங்களாம், பேச்சு கொழறிருச்சு. ஆஸ்பத்திரில இருக்காங்க இப்ப. அன்னைக்கு ராத்திரி அந்த வழியா ரெண்டு தடவ நான் டார்ச்சோட ஓடிருக்கேன். ஒரு தடவ கூட கதவ தட்டணும்னு தோணல.

இதுக்கு என்ன தான் வழி?

---

பேட்டரி_பாண்டி | ஜனவரி 11, இரவு 10.05

அம்மா நல்லாயிட்டாங்கன்னு கேட்டு சந்தோஷம் சகோ. இன்வெர்ட்டர் கணக்கு சொல்றேன். 5 லிட்டர் மெஷின் 300லருந்து 350 வாட் இழுக்கும், 2ல வெச்சாலும் பெருசா கொறையாது, உள்ள கம்ப்ரசர் ஓடிட்டு தான இருக்கும். 150 ஏஎச் பேட்டரி 12 வோல்ட், பெருக்குனா 1800 வாட் அவர். அது பேப்பர்ல. இன்வெர்ட்டர் சாப்பிடறது, பேட்டரிய முழுசா காலி பண்ண கூடாதுங்கறது எல்லாம் போக 1200, 1300 தான் கைக்கு வரும். 350ஆல வகுங்க, மூணரை மணி நேரம். உங்களுக்கு கரெக்டா அதான் நின்னுருக்கு. 6 மணி நேரம்னு சொன்னவரு டியூப் லைட்டும் ஃபேனும் மனசுல வெச்சு சொல்லிருப்பாரு.

இன்னொன்னு, லெட் ஆசிட் பேட்டரி குளிர்ல சுருங்கிடும். பூஜ்ஜியம் கிட்ட போனா அஞ்சுல ஒரு பங்கு போச்சுன்னு வெச்சிக்கங்க. வெளி வராண்டால வெக்காம வீட்டுக்குள்ள வைங்க, ஆனா ஆள் தூங்கற ரூம்ல வேணாம், சார்ஜ் ஆகறப்ப கேஸ் வரும். முடிஞ்சா லித்தியம் போயிடுங்க.

---

லைன்வீட்டு_பேரன் | ஜனவரி 11, இரவு 10.31

> முடிஞ்சா லித்தியம் போயிடுங்க

அண்ணே கோவிச்சுக்காதீங்க, முடியறவங்களுக்கு நீங்க சொல்றது சரி. எங்க எஸ்டேட் லைன் வீட்ல ஒரு ரூமு ஒரு சமையக்கட்டு, மேல தகரம். தாத்தா 1964 சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தத்துல இலங்கைலருந்து கப்பல் ஏறி வந்தவரு, அங்கயும் லைன் இங்கயும் லைன். கொழுந்து பறிச்சு வர்ற கூலில இன்வெர்ட்டருக்கு 20, 25 ஆயிரம் எங்க போறது. தகரத்துல ராத்திரி பனி வேர்த்து சொட்டும், கம்பளி காலைல ஈரமா இருக்கும். எங்க லைன்ல பன்னெண்டு வீட்ல எட்டு வீட்ல வயசானவங்க மட்டும் தான், புள்ளைங்க எல்லாம் திருப்பூர் பக்கம். கரண்ட் இருந்தாலே ஹீட்டர் கிடையாது, கரண்ட் போனா என்ன போகலன்னா என்னன்னு நெனப்பீங்க, ஆனா லைட்டு போனதும் ராத்திரி பாத்ரூமுக்கு வெளிய போறவங்க வழுக்கி விழறாங்க, அது தான் எங்க பிரச்சன.

தேயிலைக்கு பனி அடிக்காம தாகை செடிய வெட்டிட்டு வந்து போத்தி விடறோம். போத்தறதே அந்த கெழவிங்க தான்.

---

பைக்காரா_பக்கம் | ஜனவரி 11, இரவு 10.50

இத நெனச்சா தான் வயிறு எரியுது. பைக்காரா பவர் ஹவுஸ் 1932லருந்து ஓடுது. அப்புறம் கனடாக்காரன் உதவியோட குந்தா திட்டம், எமரால்டு, அவலாஞ்சி, அப்பர் பவானின்னு மலை முழுக்க டேம். தண்ணியும் நம்முது, எடமும் நம்முது, கரண்டு மட்டும் கம்பி வழியா கீழ போயிடுது. டேமுக்கு பக்கத்து ஊர்ல மெழுகுவத்தி.

---

ஓய்வு_வயர்மேன் | ஜனவரி 12, காலை 6.15

பைக்காரா தம்பி, ஆதங்கம் புரியுது, ஆனா டேம் பக்கத்துல இருக்கறதுக்கும் உங்க வீட்டுக்கு கரண்ட் வர்றதுக்கும் சம்பந்தம் இல்லப்பா. பவர் ஹவுஸ்ல உண்டாகறது பெரிய லைன்ல போயி கிரிட்ல சேந்துடும். உங்க வீட்டுக்கு வர்றது சப் ஸ்டேஷன்லருந்து வர்ற 11 கேவி ஃபீடர், அதாவது 11 ஆயிரம் வோல்ட் லைன், அது காட்டுக்குள்ளயும் ஓடைக்கு குறுக்கயும் கம்பத்துல தொங்கிட்டு வருது. கற்பூர மரமோ சீகை மரமோ ஒண்ணு சாஞ்சா போதும், பத்து ஊரு இருட்டு. அபாயமா நிக்கற மரத்த நெனச்சப்ப வெட்டவும் முடியாது, 1955லருந்தே மலைப்பகுதி மரங்கள் சட்டம் இருக்கு, அதுவும் ஒரு வகைல நல்லதுக்கு தான், இல்லன்னா இந்நேரம் மலை மொட்டையாயிருக்கும்.

33 வருஷம் சர்வீஸ் போட்டவன் சொல்றேன். லைன் கட்டானா சப் ஸ்டேஷன்ல பிரேக்கர் விழும். ஒரு தடவ சார்ஜ் பண்ணி பாப்பாங்க, மறுபடி விழுந்தா எங்கயோ ஃபால்ட் நிக்குதுன்னு அர்த்தம். அப்புறம் லைன அங்கங்க பிரிச்சு விடற ஏபி சுவிட்ச ஒவ்வொண்ணா திறந்து எந்த பக்கம்னு பிரிச்சு, கம்பம் கம்பமா நடந்தே பாக்கணும். கம்பிய தாங்கற பீங்கான்ல ஒரு விரிசல், பகல்லயே கண்ணுக்கு தெரியாது. ராத்திரி மூட்டத்துல, பக்கத்துல காட்டுமாடு மூச்சு விடற சத்தம் கேக்கும், ஆள தெரியாது. கரடி ஒரு பக்கம். டிரான்ஸ்பார்மரே போயிட்டா வேற ஒண்ணு லாரில ஏத்தி வளைவு வளைவா கொண்டு வரணும். அதனால ராத்திரி போனது விடிஞ்சு தான் வரும்னு நெனச்சே நீங்க தயாரா இருக்கணும், அது யாரோட சோம்பேறித்தனமும் இல்ல.

அதே சமயம் எங்க பக்கம் ஒரு குறையும் இருக்கு, அதயும் சொல்லிடறேன். எத முதல்ல எடுக்கறதுன்னு வந்தா ஆஸ்பத்திரி, தண்ணி மோட்டர், அப்புறம் நெறைய வீடு இருக்கற லைன், இப்படி தான் போவோம். பள்ளத்துல ஒரு வீட்ல ஒரு அம்மா மெஷின்ல மூச்சு விடறாங்கன்னு எங்களுக்கு யாரு சொன்னா? பில்லுல அது ஒரு சர்வீஸ் நம்பரு, அவ்ளோ தான். ஒரே ஒரு தடவ ஒருத்தர் தன் பையனுக்கு மூச்சு மெஷின் ஓடுதுன்னு லெட்டர் எழுதி செக்ஷன் ஆபீஸ்ல குடுத்தாரு, அத மேஜை கண்ணாடிக்கு அடில வெச்சிருந்தோம், மாசாந்திர பராமரிப்புக்கு லைன் ஆஃப் பண்றதுக்கு முந்தின நாளே நான் நேர்ல போயி சொல்லிட்டு வருவேன். எந்த ரூல்லயும் கெடையாது. தெரிஞ்சுது, செஞ்சோம்.

---

ஜெனரேட்டர்_ராஜா | ஜனவரி 12, காலை 8.20

இவ்ளோ பேச்சு எதுக்கு, நாலு வீடு சேந்து ஒரு சின்ன பெட்ரோல் ஜெனரேட்டர் வாங்குங்க, ஒயர ப்ளக் பாயிண்ட்ல சொருகுனா வீடு முழுக்க எரியும், நான் அப்படி தான் வெச்சிருக்கேன்.

---

ஓய்வு_வயர்மேன் | ஜனவரி 12, காலை 8.41

தம்பி, இன்னைக்கே அத கழட்டிடு. உன் கால்ல விழுந்து கேக்கறேன். வெளி லைன பிரிச்சு விடற சேஞ்ச் ஓவர் சுவிட்ச் போடாம ப்ளக்ல சொருகுனா உன் ஜெனரேட்டர் கரண்ட் மீட்டர் வழியா வெளிய வந்து டிரான்ஸ்பார்மர்ல ஏறும். எறங்கறப்ப 11 கேவிய 400 ஆக்கற அதே டிரான்ஸ்பார்மர், எதிர்ப்பக்கமா போனா உன் 230ஐ ஆயிரக்கணக்குல ஏத்தி விடும். லைன் செத்து கெடக்குன்னு நம்பி ஒருத்தன் கம்பத்து மேல கைய வெச்சிட்டு நிப்பான். எர்த் ராடு போட்டுட்டு ஏறுன்னு நாங்க தலைல அடிச்சு சொல்றதே உன்ன மாதிரி வீடுங்களுக்காக தான்.

---

ஜெனரேட்டர்_ராஜா | ஜனவரி 12, காலை 9.02

ஐயா சத்தியமா தெரியாது. கழட்டிட்டேன். எலக்ட்ரீஷியன வர சொல்லிருக்கேன்.

---

நைட்_டூட்டி_அக்கா | ஜனவரி 12, மதியம் 2.30

நான் நர்ஸ், கோத்தகிரி பக்கம். தூங்கி எந்திரிச்சு தான் பாத்தேன், நீளமா எழுதுறேன் பொறுத்துக்கங்க.

கேரட்தோட்டம் தம்பி, அந்த 79 பத்தி. குளிர்ல வெறைச்ச விரல்ல ஆக்சிமீட்டர் சரியா காட்டாது, ரத்த ஓட்டம் சுருங்கிடும். கைய உன் கைக்குள்ள பொத்தி சூடு பண்ணிட்டு மறுபடி போட்டு பாரு. அதுக்காக நம்பர் ஏறட்டும்னு காத்திருக்காத, உதடு நீலமா இருக்கா, ஒரு வாக்கியம் முழுசா பேச முடியுதான்னு பாரு, அது பொய் சொல்லாது. பயத்துல சிலிண்டர 5, 6ன்னு ஏத்திடவும் கூடாது, சிஓபிடிகாரங்களுக்கு பொதுவா 88லருந்து 92 தான் டாக்டர் சொல்ற இலக்கு, அதுக்கு மேல ஆக்சிஜன அள்ளி குடுத்தா உள்ள கார்பன் டை ஆக்சைடு சேந்து மயக்கத்துல கொண்டு விட்டுடும். டாக்டர் எவ்ளோ எழுதிருக்காரோ அவ்ளோ தான். பி டைப் சிலிண்டர் நெறஞ்சிருந்தா 1500 லிட்டர், 2ல ஓட்டுனா பன்னெண்டரை மணி நேரம் வரும். சாவிய சிலிண்டர் கழுத்துலயே கயிறு கட்டி தொங்க விடு, தம்பிங்க கைக்கு எட்டாம.

கடைசி வீட்டு பாட்டிக்கு வந்தது ஹைப்போதெர்மியாவா தான் இருக்கும். உள் உடம்பு சூடு 35 டிகிரிக்கு கீழ போறது, ஃபாரன்ஹீட்ல 95. சின்ன வயசுக்காரங்க வெடவெடன்னு நடுங்குவாங்க, வயசானவங்களுக்கு அந்த நடுக்கமே சரியா வராது, குளுருதான்னு கேட்டா இல்லம்மான்னுடுவாங்க. நடுங்கிட்டு இருந்தவங்க நடுக்கம் நின்னுட்டா நல்லாயிட்டாங்கன்னு அர்த்தம் இல்ல, அப்ப தான் ஆபத்து. பேச்சு கொழறும், தள்ளாடும், தூக்கம் தூக்கமா வரும். பாக்கறவங்க பக்கவாதம்னு நெனப்பாங்க, இல்ல வயசாச்சு பெனாத்துதுன்னு விட்டுடுவாங்க.

ஈரத்துணிய மாத்துங்க. தலைக்கு குல்லா, கழுத்துக்கு துண்டு. நெஞ்சு, முதுகு, அக்குள் இத தான் சூடு பண்ணணும், கை கால போட்டு தேய்க்காதீங்க. நல்லா முழிச்சிருந்தா இனிப்பா சூடா எதாவது, கஞ்சியோ சுக்கு காப்பியோ. அரை மயக்கத்துல இருந்தா ஒரு சொட்டு கூட ஊத்தாதீங்க, பொறையேறிடும். சுகர்காரங்க கால்ல சுடுதண்ணி பை வெக்கறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன், மரத்து போன கால்ல சுடறதே தெரியாது, காலைல தோல் உரிஞ்சு வர்றாங்க, ஒவ்வொரு ஜனவரியும் நான் டிரெஸ்ஸிங் போடறேன். துண்டுல சுத்தி வயித்துகிட்ட வைங்க.

கைக்கொழந்தைய, அதுவும் எட சின்னதா பொறந்தத, துணியில்லாம அம்மா நெஞ்சோட ஒட்டி வெச்சு மேல போத்திடுங்க. கங்காரு முறைன்னு ஆஸ்பத்திரில சொல்லி குடுப்போமே அதே தான், வீட்ல கரண்ட் போனப்ப அத விட நல்ல ஹீட்டர் கிடையாது. அப்பாவும் செய்யலாம், வெக்கப்படாதீங்க.

ஃப்ரிட்ஜ் ஓடலன்னு இன்சுலினுக்கு பயப்படறாங்க. நம்மூரு ஜனவரில அது கெடாது. உறைஞ்சா தான் வீண். வெளிய ஜன்னல் மேடைல வெச்சு உறைய விட்டு எடுத்துட்டு வர்றவங்கள பாத்திருக்கேன்.

---

குளிருக்கு_ரெண்டு_மூடி | ஜனவரி 12, மாலை 6.10

அக்கா எல்லாம் சரி, தாத்தாவுக்கு ரெண்டு மூடி பிராந்தி குடுத்தா போதுமே, எங்க அப்பாரு அப்படி தான் 84 வரைக்கும் ஓட்டுனாரு.

---

நைட்_டூட்டி_அக்கா | ஜனவரி 12, மாலை 6.25

உங்க அப்பாரு பிராந்தியால 84 இல்ல, பிராந்தியயும் மீறி 84. குடிச்சா தோலுக்கு ரத்தம் ஓடி சூடா இருக்கற மாதிரி தெரியும், உள்ள இருக்கற சூடு தான் வெளிய போயிட்டிருக்கும்.

---

பூம்பாறை_பூண்டு | ஜனவரி 12, இரவு 8.45

கொடைக்கானல் மேல்மலைல இருந்து வர்றேன். 2018 நவம்பர்ல கஜா அடிச்சப்ப எங்க பக்கம் பட்ட பாடு இருக்கே, வேதாரண்யத்துல கரையேறுன புயலு இங்க வந்து மரத்த புடுங்கும்னு எவன் நெனச்சான். ரோடு பூரா மரம், கம்பி, கம்பம். நாள் கணக்குல கரண்ட் இல்ல. அப்ப எங்க அப்பத்தாவ காப்பாத்துனது கரண்டும் இல்ல டாக்டரும் இல்ல, ஒரே ரூமு. மொத்த குடும்பமும், ஒம்போது உருப்படி, உள் ரூம்ல. சன்னல் சந்துல பேப்பர திணிச்சு, தரைல அட்டப்பெட்டிய பிரிச்சு போட்டு அதுக்கு மேல பாய், அதுக்கு மேல மெத்த. மேல எத்தன கம்பளி போத்துனாலும் கீழ சிமெண்ட்டு தரை சூட்ட உறிஞ்சிரும்ணே. நடுவுல அப்பத்தா. அது ஒரு பக்கம் பேரன், ஒரு பக்கம் நாய்.

ஆனா ஒண்ணு சொல்லிப்புடறேன், கரி அடுப்பு. எங்க பக்கம் வருசா வருசம் கேக்கற சேதி, டூரிஸ்ட்டு பயலுவ கோழி சுட்ட அடுப்ப குளிருக்காக ரூமுக்குள்ள தூக்கி வெச்சு கதவ சாத்திட்டு படுக்கறது, காலைல கதவ ஒடைச்சு பொணத்த எடுக்கறது. உள்ளூர்க்காரன் மட்டும் என்ன, குமுட்டி அடுப்ப கட்டிலுக்கு அடில தள்ளி விடற வீடு இன்னும் இருக்கு. புகை இல்ல, தணல் தானன்னு நெனக்கறான். அந்த தணல்ல தான் விசம். வாசம் கெடையாது, கண்ணு எரியாது. தலவலி, வாந்தி, தூக்கம், முடிஞ்சது. முன்ன ஓட்டு வீட்ல, கீத்து வீட்ல காத்து சந்து வழியா போயிட்டு வந்துட்டிருந்துச்சு, இப்ப காங்கிரீட்டு போட்டு கண்ணாடி சன்னல மூடிட்டு அதே அடுப்ப வெச்சா?

---

நைட்_டூட்டி_அக்கா | ஜனவரி 12, இரவு 9.10

பூண்டு அண்ணன் சொன்னத நான் மொதல்லயே எழுதிருக்கணும். இதுல ஒரு வேடிக்கை, கார்பன் மோனாக்சைடு ஏறுன ஆளுக்கு ஆக்சிமீட்டர் 98, 99ன்னு அழகா காட்டும், அந்த மெஷினுக்கு வித்தியாசம் தெரியாது. அதனால நம்பர் நல்லாருக்குன்னு விட்டுடாதீங்க, வெளிய காத்துக்கு தூக்கிட்டு போங்க. அப்புறம் ஆக்சிஜன் ஓடற ரூம்ல மெழுகுவத்தி, குமுட்டி, ஊதுவத்தி எதுவும் வேணாம், மூக்கு குழாய்லருந்து கம்பளில ஏறுன ஆக்சிஜன் ஒரு பொறில பிடிச்சிடும். கரண்ட் போனதும் எல்லாரும் மொதல்ல பத்த வெக்கறது மெழுகுவத்திய தான்.

---

டல்லாஸ்ல_மாட்டுன_அப்பா | ஜனவரி 13, காலை 7.00

குன்னூர்ல பொறந்தவன், இப்ப பையனோட டெக்சாஸ்ல. 2021 பிப்ரவரில இங்க வந்த பனிப்புயல்ல 45 லட்சம் வீட்டுக்கு கரண்ட் போச்சு, மாநில கணக்குப்படியே 246 பேர் செத்தாங்க. நெறைய பேர் வீட்டுக்குள்ளயே வெறைச்சு தான். காருக்குள்ள ஹீட்டர் போட்டு உக்காந்து, கரி மூட்டி, ஜெனரேட்டர உள்ள வெச்சு செத்தவங்களும் உண்டு. அமெரிக்காவாச்சேன்னு நெனச்சா பூம்பாறைக்காரர் சொல்ற அதே கதை தான். அதுக்கு முன்ன 2017ல ஃப்ளோரிடால புயலுக்கு அப்புறம் ஒரு முதியோர் இல்லத்துல ஏசி நின்னு வெக்கைல 12 பேர் போனாங்க, ரோட்டுக்கு எதுத்தாப்புல ஆஸ்பத்திரி, அங்க கரண்ட் இருந்துச்சு. அதுக்கப்புறம் தான் சட்டம் போட்டு எல்லா இல்லத்துலயும் ஜெனரேட்டர், கரண்ட் போனாலும் 96 மணி நேரம் வெக்கை ஏறாம வெக்கணும்னு கட்டாயமாக்குனாங்க. இங்கிலாந்துல வயசானவங்க, மெஷின்ல இருக்கறவங்க பேர கரண்ட் கம்பெனியே ஒரு பதிவேட்ல வெச்சிருக்கு, கேக்காமயே முன்கூட்டி தகவல் சொல்லுவாங்க. வயர்மேன் ஐயா கண்ணாடிக்கு அடில வெச்ச லெட்டர் தான் அது.

---

ஹட்டி_மகள் | ஜனவரி 13, காலை 10.20

லிஸ்ட் ஐடியா நல்லா தான் இருக்கு, எனக்கு ஒரு பயமும் இருக்கு. எங்க ஹட்டில, அதாவது படுகர் ஊர்ல, வீடெல்லாம் ஒட்டி ஒட்டி வரிசையா தான், முன்ன ஒரு வீட்ல இருமுனா மூணாவது வீட்ல கேக்கும். இப்ப பாதி வீடு பூட்டு, மீதில வயசானவங்க. தனியா இருக்கற பாட்டிங்க பேரு, வீட்டு நம்பரு எல்லாம் எழுதி வாட்ஸ்அப்ல ஓடவிட்டா நல்லவன் கண்ணுல மட்டுமா படும்? போன வருஷம் எங்க பக்கத்து ஊர்ல கம்மல் போச்சு.

அதுவுமில்லாம புது லிஸ்ட் எதுக்கு? மக்களைத் தேடி மருத்துவத்துல 2021லருந்து பிரஷர் மாத்திரை, சுகர் மாத்திரை வீட்டுக்கு கொண்டு வர்ற அக்காவுக்கு யார் யார் படுக்கைல இருக்காங்கன்னு அத்துப்படி. ரேஷன வீட்டுக்கே கொண்டு வர்ற தாயுமானவர் திட்டத்துல வயசானவங்க பேரு இருக்கு. ஒரு லிஸ்ட்டு மாத்திரைக்கு, ஒரு லிஸ்ட்டு அரிசிக்கு, ரெண்டும் கரண்ட் ஆபீஸ எட்டி பாக்கறதே இல்ல.

---

லைன்வீட்டு_பேரன் | ஜனவரி 13, காலை 11.00

அக்கா சொல்றது தான் சரி. ஆனா சர்க்கார் மூணு ஆபீஸையும் சேத்து வெக்கற வரைக்கும் எங்க தகரம் சொட்டிட்டே இருக்கும். நாம ஊர் அளவுல பேப்பர்ல எழுதுவோம், போன்ல வேணாம். மூணே மூணு காப்பி. டவர் செத்தாலும் பேப்பர் சாகாது.

---

கேரட்தோட்டம் | பிப்ரவரி 16, இரவு 8.15

இழைய மேல கொண்டு வர்றேன், சொன்னதுல பாதிய செஞ்சுட்டோம்.

எங்க பள்ளத்துல 64 வீடு. தம்பியும் நானும் மாத்திரை அக்காவும் ஞாயித்துக்கிழமை வீடு வீடா போனோம். ஒம்போது பேர் வந்தாங்க, மெஷின் ரெண்டு, படுக்கை மூணு, தனியா இருக்கறவங்க நாலு. பேப்பர் ஒண்ணு செக்ஷன் ஆபீஸ்ல, டாக்டர் சீட்டு ஜெராக்ஸோட. ஒண்ணு மாத்திரை அக்காகிட்ட. ஒண்ணு ஆட்டோ அண்ணன்கிட்ட, அவரு தான் மேட்டு ரோட்ல இருக்காரு, டார்ச்ச மூணு தடவ அடிச்சா அவரு வீட்டு ஜன்னலுக்கு தெரியும்னு கண்டுபிடிச்சு வெச்சிருக்கோம். ஒவ்வொரு பேருக்கு நேரா ஒரு வீடு, கரண்ட் போயி ஒரு மணி நேரத்துல அந்த வீட்டு ஆளு போயி கதவ தட்டணும், அவ்ளோ தான். கரண்ட் புகாருக்கு மின்னகம் நம்பர் 94987 94987, கலெக்டர் ஆபீஸ் 1077, ரெண்டயும் பேப்பர்லயே எழுதிட்டோம்.

ஆபீஸ்ல இதுக்கு ரூல் இல்லன்னு தான் சொன்னாங்க. வயர்மேன் ஐயா சொல்லி குடுத்த மாதிரி கண்ணாடிக்கு அடில மட்டும் வைங்க சார்னு கேட்டேன். சிரிச்சிட்டு வெச்சாரு.

கடைசி வீட்டு பாட்டி திரும்பி வந்துட்டாங்க. கதவ தட்டுற முறை எங்க வீட்டுக்கு தான்னு நானே கேட்டு வாங்கிக்கிட்டேன். ஹீட்டர ஓரமா வெச்சுட்டு ரெண்டு நாள் எங்க வீட்ல படுத்தாங்க, மூணாவது நாள் எங்க அம்மா கொறட்டை தாங்கலன்னு போயிட்டாங்க.

---

கேரட்தோட்டம் | ஆகஸ்ட் 3, மாலை 5.30

ஆடிக்காத்து. முந்தாநேத்து மதியம் கற்பூர மரம் சாஞ்சு மூணு கம்பம் போச்சு, 22 மணி நேரம் இருட்டு. பனி இல்ல, ஆனா நாலு நாளா விடாத மழை, எலும்புக்குள்ள ஈரம்.

ஒம்போது கதவுல எட்ட தட்டிட்டாங்க. ஒண்ணு விட்டு போச்சு, தட்ட வேண்டியவரே கல்யாணத்துக்கு மேட்டுப்பாளையம் போயிட்டாரு, மாத்து ஆள் எழுதாதது எங்க தப்பு, ஆட்டோ அண்ணன் எதேச்சையா போயி பாத்தாரு. இன்னொரு தாத்தா மாட்ட விட்டுட்டு வர மாட்டேன்னு கொட்டாயிலயே படுத்துட்டாரு, மாட்டு சூடு ஹீட்டர விட தேவலன்னு நர்ஸக்கா சொல்லுவாங்களான்னு தெரியல. லைன்மேன் தம்பி ஃபால்ட் எங்கன்னு தெரிஞ்சதும் நடந்து வந்து நாளைக்கு மதியம் தான்மா வரும், சிலிண்டர அதுக்கு ஏத்த மாதிரி ஓட்டிக்கங்கன்னு எங்க அம்மாகிட்ட நேர்ல சொல்லிட்டு போனாரு. அந்த ஒரு வார்த்தைக்கு எவ்ளோ பலம்னு சொல்ல முடியாது, எப்ப வரும்னு தெரியாம முழிச்சிட்டு கெடக்கறது தான் ஜனவரில எங்கள கொன்னுச்சு.

இப்ப ஒரு உதவி. எங்க வீட்ல ஒண்ணு, அந்த இன்னொரு மெஷின் வீட்ல ஒண்ணு, ரெண்டு பி டைப் காலியா இருக்கு. இந்த வாரம் ஜீப் எடுத்துட்டு கோயமுத்தூர் எறங்கறவங்க யாராவது இருந்தா ரீஃபில் பண்ணிட்டு வர முடியுமா? டீசல் காசு பாதி தர்றேன். சாவி கழுத்துலயே கட்டிருக்கு, அவுக்காதீங்க.